சம்பளமில்லா ஒரு வருஷம்

பதினாறு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள், ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு போட்டு ஊர் சுற்றலாமா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டதுதான் தப்பு. மறுநாளே தம்பி, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸை நிறுத்திவிட்டான்.

“நான் இன்னும் முடிவே பண்ணலடா.”

“சும்மாதானேக்கா இருக்கப்போற? டாக்டரும் அப்பாவுக்கு ஒரு வருஷம்தான் சொல்லியிருக்கார். உன் லீவுக்குக் கச்சிதமா இருக்கும்.”

கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று பேசினார்கள். அப்பா தூங்குவதாக நினைத்தார்கள்.

நர்ஸ் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் மகள் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்.

“லீவை நீட்டிக் கேட்டா குடுப்பாங்களாம்மா?”

“குடுக்க மாட்டாங்கப்பா.”

“சரி. அதுக்குள்ள முடிச்சுக்கறேன்.”