போன வழி திரும்பாத கிர்க்ஹோப்கள்

கிர்க்ஹோப் குடும்பத்தாரால் போன வழியே திரும்பி வர முடியாது. முயன்றால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகும். தேவாலயத்துக்குப் பாலத்தின் மேல் போனால், முழங்காலளவு ஆற்றில் இறங்கித்தான் வீடு வந்து சேர வேண்டும். முன்வாசலில் வெளியேறியவர் பின்வாசலில்தான் நுழைவார். முன்வாசலுக்கு மேலே குடும்பச் சின்னமான கேடயத்தைச் செதுக்கிய கல்லில் ‘திரும்பி வரமாட்டேன்’ என்று லத்தீனில் எழுதியிருந்தது. சிலுவைப்போரில் மூதாதை ஒருவர் முழங்கிய வாசகம் அது என்றார்கள் குடும்பத்தார். அவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போகும்போது கத்தியது, பாதிரியார்தான் அதை லத்தீனாக்கி மானத்தைக் காப்பாற்றினார் என்றது ஊர். எப்படியானாலும் வாசகம் தன் வேலையைப் பார்த்தது. இப்போதைய குடும்பத்தலைவர் ஆர்ச்சிபால்ட் முதல் உலகப்போருக்கு டோவர் துறைமுகம் வழியாகப் போய் நார்வே வழியாகத் திரும்பியவர். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மனைவி இறந்தபின் அவருக்கு மகள் இசொபெல்தான் உயிர். அந்த இசொபெல் போயும் போயும் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஆடு வளர்க்கும் வாட் டெல்ஃபரைக் காதலித்தாள். அவன் வீட்டுக்கு மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, போக ஒரே ஒரு பாதை. போனால் போனதுதான். “அந்தப் பாதையில ஏறினா உன் முகத்தை நான் மறுபடி பார்க்க முடியாதும்மா” என்றார் ஆர்ச்சிபால்ட். “நீங்க ஏறி வந்தா பார்க்கலாமே” என்றாள் அவள். நானூறு வருஷத்து வீட்டை விட்டுவிட்டு ஆட்டுக்காரன் வீட்டில் போய் உட்காருவதா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் ஏறிப் போனாள்.

வாசகத்தையே மாற்றித் தொலையுங்களேன் என்று சாராயக்கடை மோராக் சொல்லிப் பார்த்தாள். “இங்கிலாந்துக்காரன் வாசகத்தைச் சட்டை மாத்துற மாதிரி மாத்துவான். நமக்கு இது சின்னத்தோட சேர்த்துக் குடுத்தது, மாத்த முடியாது” என்று சீறினார் ஆர்ச்சிபால்ட். ஆனால் கிர்க்ஹோப்களின் நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. குடும்பத்திலிருந்து பிரிந்தவர்கள் தனிச்சின்னம் கேட்டு வாங்கும்போது, தலைமை வீட்டு வாசகத்துக்குப் பதில் சொல்வதுபோல் தங்கள் வாசகத்தை வைத்துக்கொள்வார்கள். இசொபெல்லும் எடின்பரோவில் குடும்பச் சின்னங்கள் வழங்கும் அலுவலகத்துக்கு விண்ணப்பித்துத் தன் பெயரில் சின்னம் வாங்கினாள். வாட் அதைக் கதவுக்கு மேல் பலகையில் கொஞ்சம் கோணலாகச் செதுக்கினான். அதில் லத்தீனில் ஒரே சொல்: ‘வா’.

மறுநாளே வரத் தொடங்கின. முதலில் அண்டைப் பண்ணைகளின் ஆடுகள், பிறகு ஓடையில் எதிர்நீச்சலடித்துச் சால்மன் மீன்கள், அப்புறம் பத்து வருஷமாக மலையேறாத பாதிரியார். வந்தவர்களுக்கெல்லாம் இசொபெல் ஓட்ஸ் கஞ்சி ஊற்றினாள். அப்பா மட்டும் வரவில்லை. வாசகம் அவரையும் இழுத்தது. தூங்கும்போது கட்டில் வடக்கே, மகள் வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. அவர் அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார். வீம்புக்காரர். ஆனால் தனியாகச் சாப்பிட உட்காரும்போது அழுதார், அதுவும் உண்மை.

பேத்தி பிறந்த செய்தியை மோராக் சொன்னாள். “உம்ம மூக்காம். பாவம், பொம்பளப் புள்ள.”

அன்று மதியமே ஆர்ச்சிபால்ட் கட்டிலை அவிழ்த்துவிட்டார். அது தானாகப் பாதையேறியது; அவர் அதன்மேல் மனைவியின் படத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் வைத்து, பின்னாலேயே நடந்தார். வாசலில் குழந்தையோடு நின்ற இசொபெல்லுக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

“அப்பா, இனிமே வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“எந்த வீட்டுக்கு?” என்றவர் குழந்தையைக் கையில் வாங்கி மூக்கைப் பார்த்தார். “நல்ல மூக்குதானே. அந்த மோராக்குக்குக் கண் தெரியாது.”

கீழே இருந்த வீட்டை ஹாவிக் நகரத்திலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர் வாடகைக்கு எடுத்தார். அவர் காலையில் பாலத்தின் மேல் போனார், சாயங்காலம் அதே பாலத்தின் மேல் வந்தார். ஊரார் சில நாள் கூடி நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.