செருப்புப் போடாத கால்

தவக்காலம் வந்துவிட்டால் என் தம்பி சேவியர் செருப்புப் போடமாட்டான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு இறங்குகிறவன், செருப்பைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிடுவான். நாற்பது நாள் கழித்து, ஈஸ்டர் பாஸ்காவுக்குத்தான் எடுப்பான். அதுவரை கறி கிடையாது, மீன் கிடையாது, ஒயின்ஷாப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலை அவனுக்கு. பங்குனி வெயிலில் திண்டுக்கல் தார் ரோட்டில் அவன் வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்த்து எங்கள் கோயில் பங்கில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். "மேரியக்கா, உங்க தம்பி புனிதர்க்கா" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அந்தப் புனிதர்தான் இந்தத் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கட்டின பெண்டாட்டியை இடுப்பில் எட்டி உதைத்தார்.

காரணம் ஒரு முட்டை. அவன் மகள் ஜோவிதாவுக்கு நாலு வயசு. வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தது. கஞ்சியை வாயில் வைத்தால் துப்புகிறது, முட்டை வேண்டும் என்கிறது. அவள் அம்மா அறிவுச்செல்வி ஒன்றை அவித்துக் கொடுத்திருக்கிறாள். செல்விக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது என்பது அவளுக்கும் தெரியும். சீக்காய்க் கிடக்கிற பிள்ளை வாய்விட்டுக் கேட்கும்போது கிழமை என்ன கிழமை? அந்த நேரம் பார்த்து இவன் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். "என் தவக்கால ஒறுத்தலைக் கெடுக்கன்னே வந்து வாச்சியாடி" என்று கத்திக்கொண்டு பிள்ளை கையிலிருந்த முட்டையைத் தட்டிவிட்டான். குனிந்து அதைப் பொறுக்கினவளை உதைத்தான்.

சின்னப் பிள்ளைக்கும் சீக்காளிக்கும் சுத்தபோசனம் கிடையாது என்று மறைக்கல்வி வகுப்புக்குப் போகிற பிள்ளைகூடச் சொல்லும். விலக்கு கறிக்குத்தான். முட்டை கூடாதென்று எங்கள் கோயிலில் எந்தச் சாமியாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது இவனாகச் சேர்த்துக்கொண்டது. கடவுள் கேட்காததையும் அள்ளிக் கொடுக்கிற தாராளம், அடுத்தவள் இடுப்பு எலும்பிலிருந்து!

இத்தனை நாளும் எல்லாப் பழியையும் குடிமேல் போட்டுவந்தோம். குடித்தால்தான் கை நீளுகிறது, குடியை விட்டால் தங்கமான பையன் என்றுதான் செல்விக்குச் சமாதானம் சொல்வோம். அன்றைக்கு அவன் வயிற்றில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. ஒருசந்தி இருந்த வெறும் வயிறு. அதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் கட்டாதவள். முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் வீடு. "அண்ணி, கொஞ்ச நாளு இங்க இருந்துக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது அவளால். தைலம் தேய்த்துவிடும்போது பார்த்தேன், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

குருத்து ஞாயிறுக்கு மறுநாள் இஞ்ஞாசி மாமா கடைக்கு வந்தார். எங்கள் பங்குப் பேரவையின் செயலாளர். பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளை அங்கி தைப்பது வருசா வருசம் என் வேலை. துணிக்கட்டை மேசையில் வைத்துவிட்டு மாமா சிரித்தார்.

"இந்த வருசம் நம்ம சேவியரும் ஒரு அப்போஸ்தலரு, தெரியுமா? பங்கே ஒருவாயாச் சொன்ன பேரு."

"அவன் பொண்டாட்டி என் வீட்டுல எதுக்குக் கெடக்குறான்னு பங்குக்குத் தெரியுமா மாமா?"

"அதுக்குத்தான் நானே நேர்ல வந்தேன். அப்போஸ்தலர் வீட்டுல சண்டைன்னா பாக்குறவுக என்ன பேசுவாக? வியாழக்கிழமைக்குள்ள அந்தப் பிள்ளைய அனுப்பி வச்சிரு. முன்வரிசையில குடும்பத்தோட உக்காரணும்ல."

"பதினோரு அங்கிதான் தைப்பேன்" என்றேன்.

"இம்புட்டுக் கோவம் ஆகாது மேரி. அது பாவம்."

கோபம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டதும் வருசா வருசம் நான் சொல்கிற முதல் பாவமே அதுதான். இந்த வருசம் சொல்லவில்லை. உதைத்தவனுக்கு வந்தது பலவீனமாம், ஏன் உதைத்தாய் என்று கேட்கிறவளுக்கு வந்தது பாவமாம். நல்ல நியாயம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேவியரே வந்து கடை வாசலில் நின்றான். பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெரு நிறைய ஆள். எதிர் டீக்கடையில் மண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைக் கண்டதும் ஜோவிதா தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"அக்கா, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். வீட்டுலயும் சமாதானமாயிட்டு வந்து உக்காருன்னு சாமி சொல்லிட்டாரு. அவளை வரச்சொல்லுக்கா. நாளன்னைக்குப் பூசை."

"உனக்குச் செல்வி வேணுமாலே, வியாழக்கிழமை வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பரிசுத்தமாகிவிட வேண்டும் என்று அவன் உண்மையாகவே ஏங்குகிறான். அந்த ஏக்கத்தில் செல்வியின் இடுப்புக்கு மட்டும் இடமில்லை.

உள்ளேயிருந்து செல்வி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு செல்வி" என்றான். இவன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக்கு எனக்குக் காலு வேற தேய்க்கணும். வெடிப்பெல்லாம் கருகருன்னு இருக்கு."

எங்கள் பங்கில் இது ஒரு வழக்கம். பாதம் கழுவப்படப்போகிற பன்னிரண்டு பேரும் முந்தின நாளே வீட்டில் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் பட்டுவிடக் கூடாதாம். குத்தவைத்து உட்கார்ந்து தேய்த்துவிடுவது பெண்டாட்டிமார். அவர்கள் கையில் பட்டால் அழுக்கில்லை.

நான் விருட்டென்று உள்ளே போனேன். குளிக்கிற வாளியில் தண்ணீரையும் ஒரு தாம்பாளத்தையும் கொண்டுவந்து வாசற்படியில் ணங்கென்று வைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஏலே, நீ இவ காலைக் கழுவு. இங்கனயே. அப்புறம் வாரதும் வராததும் அவ பாடு."

செல்வி மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் மெதுவாக வந்து முக்காலியில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, காலைத் தாம்பாளத்தில் வைத்தாள். டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது.

சேவியர் தெருவைப் பார்த்தான். டீக்கடையைப் பார்த்தான். செல்வியைத்தான் பார்க்கவில்லை.

"உள்ள போயிருவோம்க்கா" என்றான் தணிந்த குரலில். "கதவைச் சாத்திட்டு நீ சொல்றபடியே கழுவுறேன். நடுத்தெருவுல வச்சு… மண்டி ஆளுக பாக்குறாக."

"கோயில் நிறைஞ்ச சனத்துக்கு முன்னாடி காலை நீட்டத் தெரியும். ஒருத்தி காலைத் தொட மட்டும் கதவைச் சாத்தணுமாக்கும்! அன்னைக்கு உதைக்கிறப்பவும் சாத்தித்தானலே வச்சிருந்த?"

அவன் திரும்பி நடந்தான். வாளித் தண்ணீரை அப்படியே தெருவில் கவிழ்த்தேன்.

பெரிய வியாழன் பூசைக்கு நானும் செல்வியும் போனோம். பின்வரிசையில் உட்கார்ந்தோம். யாருடைய பழைய அங்கியையோ மாட்டிக்கொண்டு சேவியர் பன்னிரண்டாவது நாற்காலியில் இருந்தான். யார் தேய்த்துவிட்டார்களோ, பாதம் பளிச்சென்று இருந்தது. சாமியார் அவன் முன்னால் மண்டியிட்டார், தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். சேவியர் தேம்பித் தேம்பி அழுதான். "எப்படி உருகுறான் பாரு" என்று பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எழுந்து நின்று கத்திவிடுவேன் போலிருந்தது. செல்விதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவன் ஓடிவந்தான். முகமெல்லாம் கண்ணீர், ஒரு வெளிச்சம் வேறு. "வா செல்வி, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

"ஏனுங்க, காலுதான் சுத்தமாயிருச்சுங்களே" என்றாள் செல்வி. "அதுலயே நடந்து போங்க. நான் வரலீங்க."

மறுநாள் பெரிய வெள்ளி. எனக்கு ஒருசந்தி. விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை. ஜோவிதா இன்னும் தேறவில்லை, கை கால் குச்சி குச்சியாக இருந்தது. செல்வி ஒரு முட்டையை அவித்து உரித்துக் கையில் கொடுத்தாள். பிள்ளை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது.

அந்நேரம் தெருமுனையில் சிலுவைப்பாதைப் பாட்டு கேட்டது. ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் சேவியர், தோளில் மரச்சிலுவை, அதே வெறுங்கால். ஜோவிதா எட்டிப் பார்த்ததுதான் தாமதம், முட்டையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துத் தள்ளத் தொடங்கியது.

"அத்தை, சாத்து. அப்பா வாராரு. சாத்திட்டுத் தின்னுக்கிறேன்."

நாலு வயசுப் பிள்ளை அதுவாகவே கற்றுக்கொண்ட பாடம். கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தேன். அன்றைக்குச் செல்வி உட்கார்ந்த அதே முக்காலியை வாசற்படியில் போட்டுப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தேன்.

"இங்கன உக்காந்து தின்னு ஆத்தா. யாரும் ஒண்ணும் செய்யமாட்டாக. அத்தை நிக்கிறேன்ல."

செல்வி வந்து மறுபக்கம் நின்றுகொண்டாள். ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தது. இஞ்ஞாசி மாமா முட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேவியர் மகளைப் பார்த்து நின்றுவிட்டான். பிள்ளை முட்டையை ஒரு கடி கடித்து, மெல்லாமல் வாயில் வைத்திருந்தது. அவன் முகத்தை அது பார்க்கவே இல்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சேவியர் குனிந்தான், தன் காலைப் பார்த்தான். பிள்ளையின் பார்வை தாங்காமல் ஒரு எட்டுப் பின்னுக்குப் போனான். சிலுவை தோளிலிருந்து சரிந்தது. பின்னாலிருந்தவர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நடப்பா, நட" என்றார்கள். அவன் நகரவில்லை.

"மெல்ல மென்னு தின்னு சாமி" என்றாள் செல்வி. "அவசரமில்ல."