தம்பி பேரில் ஒரு வீடு

வேலை முடிந்து கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி வந்ததும், மகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவது எலெக்ட்ரீஷியனின் வழக்கம். அங்கே ஒரு வீட்டுக்கு எதிரே நின்று இருவரும் பார்ப்பார்கள். உள்ளே வாடகைக்கு இருப்பவர்கள் விளக்கைப் போட்டதும் மகள் கைதட்டுவாள். ஆள் வளர்ந்துவிட்டாள்; மனசு மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டது. “நம்ம வீடுப்பா,” என்பாள். தாயில்லாத பெண். தனக்குப் பிறகு இவளை யார் வைத்துக்கொள்வார்கள், எங்கே தூங்குவாள் என்ற கவலைக்கு அவர் கண்டுபிடித்த ஒரே பதில் அந்த வீடுதான்.

அதில் ஓடும் ஒயர் ஒவ்வொன்றும் அவர் இழுத்தது. இருட்டென்றால் அவளுக்குப் பயம். அதனால் அவளுக்கென்று நினைத்த அறையில், படுத்தபடியே தட்டுவதற்கு வசதியாகச் சுவிட்சைத் தாழ்வாக வைத்திருந்தார்.

வீடு மட்டும் தம்பி பேரில் இருந்தது. சொந்தத் தொழில் செய்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? வங்கி கைவிரித்ததும், கம்பெனி வேலையிலிருந்த தம்பி பேரில் கடன் எடுத்து வாங்கினார்கள். தவணை முழுவதையும் கட்டி முடித்தது இவர்.

கடன் தீர்ந்த சமயத்தில் ஒரு வக்கீலம்மா வீட்டில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடி தம்பி பேரில் வாங்கிய வீட்டின் கதையைப் பெருமையாகச் சொல்ல, வக்கீலம்மா உடனே தம்பியிடம் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதி வாங்கச் சொன்னார். வீடு டிரஸ்டுக்குப் போய்விடும். தம்பி அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டும். பலன் முழுவதும் மகளுக்கு. தம்பிக்கு ஏதாவது ஆனால் அடுத்த பொறுப்பாளர் வருவார் என்று பொறுமையாக விளக்கினார்.

இவருக்குச் சுருக்கென்றது. “கூடப் பொறந்தவன்கிட்ட போய் கையெழுத்து கேக்கச் சொல்றீங்களாம்மா? அவன் மனசு என்ன பாடுபடும்?” என்றார்.

சாதாரண ஃபியூஸ் போனால்கூட விவரம் தெரியாதவர்கள் கைவைக்கக் கூடாது என்று ஊரையே அதட்டுகிற மனிதர் அவர். தன் ஆயுள் சம்பாத்தியத்துக்கு மட்டும் விவரம் தெரிந்தவர் தேவைப்படவில்லை. தம்பியும் தங்கமானவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தங்கம் ஒருநாள் அலுவலக மாடிப்படியில் மயங்கி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்தார். ஆறிய பிறகும் வீட்டைப் பற்றிக் கேட்க நாக்கு எழவில்லை. கடைசியில் தம்பி மனைவியே அவரைத் தேடி வந்தாள். அதே வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வீடு இப்போது அவளுக்கும் அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் சொந்தமாகிவிட்டதாம். தன் பங்கை அவள் தரலாம். பிள்ளைகள் பங்கில் கைவைக்கக் கோர்ட் விடாது. வளர்ந்த பிறகு தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். வழக்குப் போடலாம்தான். ஆனால் பெரியப்பா பெரியப்பா என்று காலைக் கட்டிக்கொள்கிற அந்தப் பிள்ளைகள் மேல்தான் போட வேண்டும்.

மகள் அந்த அறையில் ஒரே ஒரு ராத்திரியாவது தூங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை.

“உன் பங்கு உன்கிட்டயே இருக்கட்டும்மா. நீ பாத்துக்க மாட்டியா? உன்னை நம்பாம யாரை நம்பப்போறேன்?” என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இதே வார்த்தையைத்தான் மாமா அவர்கிட்டயும் சொன்னீங்க. அவர் ஏமாத்தல, செத்துப்போயிட்டாரு. நாளைக்கு எனக்கும் ஏதாவது ஆகலாம். வாங்க, வக்கீலைப் பார்த்து என் பங்கை இன்னைக்கே உங்க பாப்பாவுக்கு டிரஸ்டா எழுதிடுவோம். நம்பிக்கை இல்லாதவங்களுக்குத்தான் பத்திரம்னு நெனைச்சீங்க. அன்னைக்கே எழுதியிருந்தா, உங்க பொண்ணு வீட்டை என் பிள்ளைங்க பறிச்சுக்கிட்ட பழி எங்களுக்கு வந்திருக்காது. நாம நம்புறவங்களைக் கெட்டவங்களாக்காம காப்பாத்துறதும் அந்தப் பத்திரம்தான் மாமா.”