லிங்கராஜ் அண்ணாச்சி செத்துப் பார்த்த நாள்

எங்கள் கடலைமிட்டாய் கம்பெனி பங்குச்சந்தையில் இறங்கத் தயாரா என்று அளந்து பார்க்க, சென்னையிலிருந்து நந்தகோபால் என்பவர் லேப்டாப்போடு கோவில்பட்டி வந்து இறங்கியிருந்தார். நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் மேற்கொண்டு பேச்சு.

முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சிக்கு இந்த ஆசையை ஊட்டியவன் நான். கணக்குப்பிள்ளையாக இருந்த என்னைப் பங்குச்சந்தைக்காகத் தலைமைச் செயல் அதிகாரி ஆக்கியிருந்தார்கள். நாற்காலி மட்டும் பழையது. ஒரு கால் ஆடும். மதிப்பெண் வராவிட்டால் நானும் ஆடவேண்டியதுதான்.

கடைசிப் பரீட்சையில்தான் சிக்கல். முதலாளி திடீரென்று இறந்துபோனால் கம்பெனி ஓடுமா?

"அத எப்படி சார் அளக்கது?" என்று கேட்டேன்.

"ஒத்திகை பார்க்கலாம்" என்றார் நந்தகோபால்.

அண்ணாச்சி யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வலிக்குமாலே மைதீனு?"

"வெல்லக் குடோன்ல சும்மா உக்காந்திருக்கணும் அண்ணாச்சி. யாரு என்ன கேட்டாலும் பேசக் கூடாது."

அதற்கு நிஜமாகவே செத்துவிடலாம் என்றது அவர் முகம். ஆனாலும் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பாகுக் கொப்பரை முன்னால் நின்று, இது ஒத்திகை என்று விளக்கிவிட்டு அறிவித்தேன்: "அண்ணாச்சி நம்மள விட்டுப் போயிட்டாவ." சொல்லும்போது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடிக்கத் தெரியாதவன் நடித்தால் அப்படித்தான்.

பாகு கிண்டிக்கொண்டிருந்த வெயிலம்மாள் திரும்பவில்லை. "எப்போ?"

"இப்பத்தான்."

"அப்போ சாயங்காலம்தான் எடுப்பாவ. ஏட்டி, கடலையக் கொட்டுங்க."

கொட்டினார்கள். உருளை ஓடியது, கத்தி இறங்கியது, மிட்டாய் அடுக்கடுக்காக ஏறியது. ஒருத்தி தன் மாமியார் கதையை எடுத்துவிட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நந்தகோபால் பூரித்துப்போனார். "பிரமாதம்! முதலாளி போனதே தெரியல."

குடோன் கதவு படாரென்று திறந்தது. வேட்டியெல்லாம் எறும்பு, கண்ணெல்லாம் தண்ணீர். இறந்தவர் வந்து நின்றார்.

"நிறுத்துங்கட்டி! நான் உள்ள பொணமாக் கெடக்கேன், இங்கன என்ன கெக்கெக்கேன்னு சிரிப்பு? ஒருத்தியாவது அழுதாளா?"

எல்லாம் நின்றது. வெயிலம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "பாகு பதத்துல நிக்கி அண்ணாச்சி. அழுதுட்டு வந்தா கருகிப்போவும். கருகுனா நீங்க பாடையிலருந்து எந்திரிச்சு வந்து ஏச மாட்டீயளா?"

"வருவேம்லா!"

"அதுக்குத்தான் அழல."

அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்தார். அதற்குள் கருகல் வாடை கிளம்பிவிட்டது. பேச்சுவாக்கில் பாகு போய்விட்டது.

நந்தகோபால் அறுபத்தெட்டு போட்டார். "முதலாளி இல்லாம கம்பெனி நல்லா ஓடுது. அவர் திரும்பி வர்றதுதான் ஆபத்து."

என் நாற்காலி கண்முன்னே ஆடியது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தோளில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டார்.

"விடுலே. நாளைக்கும் ஒருக்கச் செத்துப் பாக்கேன்." பிறகு கொப்பரைப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "கடலை கொட்டுததுக்கு முந்தி லேசா ஒரு மூக்குச் சிந்தல்ட்டி. வேலை கெடாம."

கருகிய பாகைச் சுரண்டிக்கொண்டே வெயிலம்மாள் சொன்னாள்: "அழுகையெல்லாம் நெசமாப் போற அன்னைக்குத்தான். அன்னைக்கு இங்கன எவ அடுப்பப் பத்தவைப்பா?"

அண்ணாச்சி முகம் அப்படியே மலர்ந்தது. நான் நந்தகோபாலின் கையைப் பிடித்து, டீ குடிக்கலாம் வாங்க என்று அவசரமாக வெளியே இழுத்துக்கொண்டு போனேன். இது அவர் காதில் விழுந்தால் அந்த அறுபத்தெட்டும் போய்விடும்.