அசைந்துவிட்ட படம்

மார்பகப் பரிசோதனை அறையிலிருந்து கடைசி ஆக்சிஜன் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு போனார்கள். தொற்றுக்காலம் முழுக்க அந்த அறை கிடங்காகத்தான் கிடந்தது. எக்ஸ்ரே இயந்திரத்தின் மேலிருந்த போர்வையை அவளே உருவினாள். இங்கே படமெடுத்தே தலை நரைத்தவள் அவள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பொறியாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வராந்தாவில் பெண்கள் காத்திருந்தார்கள்.

"முதல் போணி நீங்கதான்க்கா," என்றாள் கூட வேலை செய்யும் இளையவள். "உங்களுக்கும் செக்கப் தள்ளிப்போயிடுச்சுல்ல? இத்தன நாளா தட்டுல வச்சு ஊரையே நசுக்கினீங்க. இன்னிக்கு என் முறை."

அவள் சிரித்தாள். பொத்தான்களைக் கழற்றினாள். போன கோடையில், குளிக்கும்போது, இடது அக்குளுக்குக் கீழே சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. அறை பூட்டியிருக்கிறதே, திறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பரிசோதித்துக்கொள்ள வேறு இடங்கள் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பூட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது இருக்கிறது என்றாகிவிடும்.

வலது பக்கம் முடிந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து இளையவள் வாயடித்துக்கொண்டே இருந்தாள்.

"என் மாமியாரயும் வரச் சொன்னேன்க்கா. 'நசுக்குறதுக்கு இனிமே எங்கிட்ட என்னடி இருக்கு'ங்கிறாங்க."

இடது பக்கம். தட்டு இறங்கி இறுக்கியது. இயந்திரம் முனகி அடங்கியது. மாமியார் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

"அக்கா... கொஞ்சம் அசைஞ்சிட்டீங்க போல. இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

அவள் அசையவில்லை. திரையில் எதையாவது பார்த்துவிட்டால், அது தங்கள் முகத்தில் ஏறுவதற்குள் இருவரும் சொல்லும் வார்த்தைகள் அவை. சில சமயம் நிஜமாகவே அசைந்திருப்பார்கள் என்பதுதான் அதிலிருந்த வசதி. எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் உடனே நம்பினார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். 'நான்தாம்மா ஆடிட்டேன், மன்னிச்சுக்கோ' என்று அவர்கள் அவசரமாகச் சொன்னது எதற்கென்று இப்போதுதான் உறைத்தது.

 

"ஆமாடி," என்றாள். "ஆடிட்டேன் போலருக்கு."

இளையவள் வந்து அவள் தோளைத் திருப்பி வைத்தாள். தன் உள்ளங்கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

"மூச்சப் பிடிச்சுக்கோங்கக்கா."

பிடித்துக்கொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், இளையவளின் மூக்குக்கண்ணாடியில் திரையின் வெளிச்சம் இரண்டு சிறிய சதுரங்களாக விழுந்தது. அந்தச் சதுரங்களின் இருட்டுக்குள் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. கண் இமைக்காமல், இயந்திரத்தோடு ஒட்டி நின்ற இடத்திலிருந்தே அவள் அதைப் படிக்கப் பார்த்தாள்.