சோகை விரித்த பந்தல்

நல்லகாமன் பற்ற வைத்த நெருப்பின் புகை காலையில் எங்களுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிவாக்கில் காற்று திரும்பியது. வரப்பில் நின்ற எருக்கஞ்செடி எங்கள் தோட்டத்தைப் பார்த்துச் சாய்ந்தபோதுதான் நான் எழுந்து நின்றேன்.

நல்லகாமன் என் சித்தப்பா மகன். பக்கத்துக் கொல்லை அவனுடையது. போன வாரம்தான் கரும்பு வெட்டி ஆலைக்கு ஏற்றினான். வெட்டிய கரும்பின் காய்ந்த தாள், சோகை என்போம், முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதைக் கொளுத்தினால்தான் கட்டையிலிருந்து மறுபடி துளிர் வரும் என்று சோழவந்தான் பக்கம் எல்லோரும் கொளுத்துகிறோம். கரும்பு போட்ட காலத்தில் நானும் கொளுத்தியவன்தான். அப்போதெல்லாம் எனக்குப் பயமே இருந்ததில்லை. இப்போது எங்கள் திராட்சைப் பந்தலுக்கடியில் ஒரு சாண் கனத்துக்கு அதே சோகை பரப்பிக் கிடந்தது. அது என் பெண்டாட்டி மாயக்காளின் வேலை.

மூன்றாவது வருஷமாக மழை இல்லை. மோட்டாரைப் போட்டால் அரைமணி நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் குடித்த கொடிக்குப் பத்து நாளைக்கு ஒன்று கொடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. போன சித்திரையில் பழம் கறுப்பதற்கு முன்பே வெயிலில் சுருங்கி, சிம்மக்கல் பழ மண்டிக்குக் கொண்டு போனதை யாரும் கையால்கூடத் தொடவில்லை. இந்த மாசியில்தான் மாயக்காள் அப்போதே வெட்டு முடிந்திருந்த நல்லகாமனின் மேலக்கொல்லையிலிருந்து சோகையைச் சுமை சுமையாகத் தலையில் கொண்டு வந்து பந்தல் பூராவும் பரப்பினாள். வெயில் மண்ணில் படாவிட்டால் ஈரம் நிற்கும் என்றாள்.

எங்கள் பக்கத்தில் பந்தலுக்கடியில் ஒரு புல் இருக்கக்கூடாது. கொத்தி, கூட்டி, உதிர்ந்த பழம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருப்பவன்தான் சம்சாரி, நல்ல விவசாயி. என் பந்தல் மாட்டுக்கொட்டம் மாதிரி கிடந்தது. டீக்கடையில் "மாட்ட எங்கண்ணே கட்டிருக்கே?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். உள்ளுக்குள் எரிந்தது. ஒருநாள் மாயக்காள் என் கையைப் பிடித்துச் சோகைக்கு அடியில் விட்டாள். மண் குளுகுளுவென்று இருந்தது. "ம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்றுச் சாயங்காலம் அதே டீக்கடையில் நாலு பேர் முன்னால்தான் நல்லகாமன் கேட்டான். "அண்ணே, நாளைக்குக் கொளுத்திரலாம்னு இருக்கேன். ஒங்க பந்தலுக்குள்ள அம்புட்டுச் சோகை கெடக்கே, மதினிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறவா?"

மதினியிடம் கேட்க வேண்டுமாம். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அவகிட்ட என்னடா கேக்குறது? நீ கொளுத்து. நான் பாத்துக்கிறேன்."

இதை வீட்டில் சொல்லவில்லை. மேலே போட வேண்டியிருக்கும் என்று அவள் மிச்சச் சோகையை வரப்போரமாகவே அடுக்கி வைத்திருந்தாள். காலையில் அதை அப்புறப்படுத்திவிடலாம் என்று எழுந்தேன். எதுக்கு என்று கேட்பாளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அடுக்கின் மேல்தான் முதல் பொறி வந்து விழுந்தது.

மாயக்காள் பந்தலுக்குள் கத்தரியோடு சொத்தைப் பழங்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். பன்னீர் திராட்சை பாதி கறுத்து, பாதி சிவந்து நின்றது. இன்னும் பதினைந்து நாள். வியாபாரி போன வாரம் வந்து பார்த்து, வெளிப்படையாகவே ஆச்சரியப்பட்டுவிட்டுப் போயிருந்தான். பொசுங்கல் வாடை வந்ததும் அவள் குனிந்தபடியே ஓடி வந்தாள்.

நான் மோட்டார் அறைப்பக்கம் ஓடினேன்.

"எங்க போறீக? கரண்டு ரெண்டு மணிக்குத்தான். தண்ணிய மறங்க. சோகைய வாருங்க, மூணு வரிசைக்கு. மண்ணு தெரியணும்."

கவைக்கம்பை என்னிடம் எறிந்துவிட்டு அவள் கையாலேயே வாரினாள். முழுக்க வாரி அள்ளிய சோகையைப் பந்தலுக்கு உள்பக்கமாகத் தள்ளினோம். இரண்டு மாதம் பாதுகாத்த ஈரம் வெயிலில் கறுப்பாகத் தெரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. வரப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. முகத்தைக் காட்ட முடியவில்லை. நல்லகாமன் வேப்பங்கொப்போடு வரப்பின் மேலேயே ஏறி நின்று அடித்தான். அவன் வேட்டி ஓரம் பற்றியதை அவனே கவனிக்கவில்லை, நான்தான் மண்ணை அள்ளி எறிந்தேன். முதல் வரிசைக் கொடியின் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. குலைகள் வெந்து, சாறு சொட்டியது. இரண்டாம் வரிசைக்கு அடியில் ஒரு பிடி சோகை விட்டுப்போயிருந்தது. அது புகைந்ததைப் பார்த்து மாயக்காள் அப்படியே வலது உள்ளங்கையால் அழுத்தினாள்.

வெறும் மண்ணுக்கு வந்ததும் தீக்குத் தின்ன ஒன்றுமில்லை. அரைமணி நேரம் வரப்பிலேயே கிடந்து தணிந்தது. முதல் வரிசை போய்விட்டது. இருபத்திரண்டு கொடி. மற்றது நின்றது.

மூன்று பேரும் இருமிக்கொண்டு நின்றோம். மாயக்காள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். தோல் உரிந்திருந்தது.

"தம்பி, பக்கத்துல பந்தல் இருக்குன்னு தெரியும்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

நல்லகாமன் என்னைப் பார்க்கவே இல்லை. "தப்பு என்னுதுதான் மதினி. காத்தப் பாக்காம வச்சுட்டேன்."

அப்படியே விட்டிருக்கலாம். அவன் சின்னவன், மதினியிடம் நாலு வசவு வாங்கினால் நாலு நாளில் மறந்துவிடுவான். எனக்கு அதுவும் ஒரு நிமிஷம் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது சொல்ல.

"அவன் கேட்டான். நான்தான் கொளுத்தச் சொன்னேன். நேத்தே."

அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் தேவலை.

"நேத்தே சொல்லியிருந்தா வரப்புல கெடந்தத ராவோட ராவா அள்ளியிருப்பேன்ல," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நல்லகாமன் கருகிய வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தன் கொல்லைக்கு இறங்கிப் போனான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மாயக்காள் மூன்றாவது வரிசையில் குந்தி, புறங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்று தெரிந்ததும், உள்ளே தள்ளிய சோகையை இழுத்து மறுபடி பரப்ப ஆரம்பித்தாள். இடது கையால் மட்டும். ஒவ்வொரு கொடித் தூராகச் சுற்றி மூடிக்கொண்டே வந்தாள். நான் நின்ற இடத்துக்கு வந்ததும் கையில் சோகையோடு நின்றுவிட்டாள். நிமிரவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓரடி பின்னால் வைத்தேன். கால் இருந்த இடத்தை அவள் மூடினாள்.