திறந்து கிடந்த கேட்

என் கணவனின் அண்ணன் வார்விக்குக்கு வாய் கொஞ்சம் அதிகம். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிட்டால் போதும், தன்னை ஒரு படைத்தளபதி என்றே நினைத்துக்கொள்வான். அந்த அக்டோபர் பள்ளி விடுமுறையில் இரண்டு ஜீப்புகளில் உள்நாட்டுச் செம்மண் காட்டுக்குக் கிளம்பினோம். முன்னால் வார்விக்கும் அவன் மனைவி நோலீனும். பின்னால் நான், என் கணவன் நெவில், பதிமூன்று வயது மகள் பெலிண்டா.

கிளம்பும் முன்பே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துச் சட்டம் பேசினான். முன் வண்டியின் புழுதியைத் தின்னாமல் இருக்கப் பின் வண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும். மாட்டுப் பண்ணைகளின் வேலியில் கேட் வந்தால் முன் வண்டிக்காரன் திறப்பான், பின் வண்டிக்காரன் மூடுவான்.

"நான் திறப்பேன், நீ மூடுவே, லொரேன். நடுவுல கேள்வி கிடையாது."

"ஏன், உன் தம்பிக்குக் கை இல்லையா?"

"அவன்தானே ஓட்டுறான். சும்மா உக்காந்து வர்றவதான் கேட்டுக்கு இறங்கணும். ஊர் வழக்கமே அதுதான்."

வழக்கம் எனக்கும் தெரியும். மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போ, திறந்திருந்ததைத் திறந்தபடி விட்டுப் போ. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூட இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்து கிடக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அந்தக் காரணம் தண்ணீராக இருக்கும்.

நாலாம் நாள் சாயங்காலம் ஒரு மடுவின் கரையில் கூடாரம் அடித்தோம். மறுநாள் முழுக்க அங்கேயே ஓய்வு. அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நிழலில் நாற்பத்திரண்டு டிகிரி. முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்தே பொழுதை ஓட்டினோம். அதற்கடுத்த நாள் காலை, நெவில் பன்றி இறைச்சியும் முட்டையும் வறுத்துக்கொண்டிருந்தான். வார்விக் மடக்கு நாற்காலியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாலு கேட்டு. பதினாலு தடவை இறங்கி ஏறியிருக்கேன். முட்டி செத்துப்போச்சு."

"பதிமூணு," என்றாள் நோலீன். "கதை விடாதே. அந்தக் காத்தாலைகிட்ட இருந்தது திறந்தேதான் கிடந்துச்சு. அப்பாடான்னு சொல்லிட்டு நீ இறங்கவே இல்ல, நான்தான் நேரா ஓட்டிட்டுப் போனேன்."

என் கையில் இருந்த தேநீர்க் குவளை அப்படியே நின்றது.

காற்றாலைக்குப் பக்கத்துக் கேட் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மற்றவற்றைப்போல் சுலபமாக நகரவில்லை. அடிக் கம்பிகளுக்குள் புல் முளைத்து, வளர்ந்து, காய்ந்து பின்னிக்கிடந்தது. அதைப் பிய்த்து எறிந்து, தோளால் முட்டித் தள்ளி, வார்விக்கை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சங்கிலியை மாட்டினேன். அன்று காலையில் ஒருவன் திறந்த கேட்டில் புல் எப்படி முளைத்திருக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"நான் அதை மூடிட்டேன்," என்றேன்.

சட்டியில் முட்டை கருகிக்கொண்டிருந்தது.

"அந்தக் காத்தாலை தண்ணி இறைக்கிற தொட்டி அந்தப் பக்கம் இருக்கு. மாடு எல்லாம் இந்தப் பக்கம் மேய்ஞ்சுது. கேட்டைத் தாண்டின பிறகுதான் வழி நெடுக மாட்டைப் பாத்தோம், ஞாபகம் இருக்கா? முந்தாநாள் காலையிலேர்ந்து அதுங்களுக்குத் தண்ணி இல்ல."

வார்விக் கையை வீசினான். "மாடு என்ன, கண்ணாடிச் சாமானா? தாகம் எடுத்தா வேலியைத் தள்ளிட்டுப் போயிடும். பண்ணைக்காரனும் சுத்தி வருவான். நீ எதுக்கு இப்பப் பதறுறே?"

"வாரத்துக்கு ஒரு தடவை வருவான். அது இன்னைக்குத்தான்னு உனக்கு வந்து சொன்னானா?"

"நூத்திப் பத்து கிலோமீட்டர், லொரேன். போக வர இருநூத்தி இருபது. முன்னால அடுத்த பங்க் இருநூத்தித் தொண்ணூறு. உன் டீசல் எவ்வளவு இருக்குன்னு தெரியுமா? நடு வழியில நின்னா மாட்டோட சேர்ந்து நீயும் காய வேண்டியதுதான். அதுவும் பிள்ளையை வெச்சுக்கிட்டு."

அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் எங்கள் வானொலி பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. செயற்கைக்கோள் தொலைபேசி அந்த நாளில் சுரங்கக் கம்பெனிக்காரர்களிடம்தான் இருந்தது. போய்த் திறப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நெவிலைப் பார்த்தேன். அவன் அடுப்பை அணைத்துவிட்டு டீசல் முள்ளைப் பார்க்கப் போனான்.

"திரும்பி இங்க வர்ற வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது," என்றான்.

"நீ முன்னாலயே ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று வார்விக்கிடம் கேட்டேன். "ஒட்டகம் பாத்தா சொல்றே, குழி வந்தா சொல்றே, உனக்கு ஏப்பம் வந்தாக்கூட சொல்றே. கேட்டு திறந்திருக்குன்னு ஒரு வார்த்தை."

"நீ கண்ணைத் திறந்து பாத்திருக்கலாம்ல?"

நோலீன் எழுந்து போய், அவர்கள் வண்டிக் கூரையில் கட்டியிருந்த இரண்டு டீசல் கேன்களில் ஒன்றை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் எடையே அந்தக் கேனைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"நோலீன், அது நமக்கு வேணும்," என்றான் வார்விக்.

"நீ பாட்டுக்கு உக்காந்து முட்டியைத் தேய்."

ஏழரை மணிக்குக் கிளம்பினோம். பெலிண்டாவை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன், அவள் கேட்கவில்லை. அந்தப் பாதையில் மணிக்கு முப்பதுக்கு மேல் போனால் வண்டி எலும்பு உதிர்ந்துவிடும். நெவில் நாற்பதில் ஓட்டினான். நான் டீசல் முள்ளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். வாய் உலர்ந்தது, தண்ணீர்ப் போத்தலைத் தொட மட்டும் மனம் வரவில்லை.

"மா, அதுங்க செத்துப்போயிருக்குமா?" என்றாள் பெலிண்டா பின்னாலிருந்து.

"தெரியாதுடி."

"கன்னுக்குட்டியெல்லாம் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"வாயை மூடிட்டு வா பெல், ப்ளீஸ்."

அவள் அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குக் காற்றாலையின் தலை தெரிந்தது. அதற்கு மேல் கழுகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் சத்தம் கேட்டது. மாடு கத்துவதை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இது கரகரத்து, மூச்சுத் திணறி, நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

இருநூறு மாடுகளாவது இருக்கும். எல்லாம் கேட்டின் மேல் குவிந்து நெருக்கிக்கொண்டு நின்றன. முப்பது அடி தள்ளித் தொட்டி. தண்ணீர் வாசம் அவற்றின் மூக்கிலேயே இருந்தது. வேலி வார்விக் சொன்னதுபோல் விழவில்லை. பண்ணைக்காரன் அதை ஒழுங்காகக் கட்டியிருந்தான், ஐந்து வரிக் கம்பி, இரும்புத் தூண். ஓரத்தில் சில மாடுகள் படுத்துக் கிடந்தன. அவற்றில் சில எழவே போவதில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

"வண்டியோட உள்ள போக முடியாது," என்றான் நெவில். "மிரண்டா ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக் கொன்னுடும்."

"நான் வேலியைச் சுத்திப் போறேன்."

"நான் போறேன், லொரேன்."

"மூடினது நான்."

வெகுதூரம் தள்ளி வேலி ஏறிக் குதித்து, கம்பியோரமாக ஓடினேன். கால்சட்டை கிழிந்தது, தொடையில் ரத்தம் வந்தது. கேட் என் பக்கமாக வயிறு புடைத்து வளைந்திருந்தது. சங்கிலியின் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அந்தப் பக்கம் இருநூறு மாடுகளின் எடை அதை இழுத்துப் பிடித்திருந்தது. ஒரு பசு கம்பிக்கு நடுவே முகத்தை நுழைத்திருந்தது. நாக்கு தடித்துக் கறுத்து வெளியே தொங்கியது. அதன் மூச்சு என் கையில் பட்டது, சூடாகவும் நாற்றமாகவும்.

"கொஞ்சம் பின்னாடி போங்கடி," என்று கெஞ்சினேன். "ஒரு அடி போங்க. தாயே, ஒரே ஒரு அடி."

போகவில்லை. விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். திரும்பி நெவிலைப் பார்த்துக் கத்தினேன். "கோடாலி."

விறகு வெட்டும் கோடாலியை அவன் வேலிக்கு மேலாக வீசினான். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். சங்கிலி ஒரு வளைந்த பெரிய ஆணியால் மரத்தூணில் அறையப்பட்டிருந்தது. கேட் திறந்தால் கீல் பக்கமாகத்தான் வீசி அடிக்கும். தூணுக்குப் பின்னால் நின்றால் பிழைக்கலாம், கால் தடுக்கினால் என்னை அள்ளித்தான் எடுக்க வேண்டும். தூணோடு ஒட்டி நின்று கோடாலியின் பின்புறத்தால் ஆணியை அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணி நெகிழ்ந்தது. ஐந்தாவதில் கேட் வெடித்துத் திறந்தது.

தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். தரை அதிர்ந்தது. புழுதி வாய்க்குள் போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெவில் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தூணிலிருந்து பிரித்து எடுத்தான்.

மாடுகள் தொட்டியை மொய்த்துக் குடித்தன. பலமுள்ளவை முன்னால் நின்றன, கன்றுகள் பின்னால் தவித்தன. பெலிண்டா யாரும் சொல்லாமலேயே எங்கள் பாத்திரம் கழுவும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதிலும் கையில் கிடைத்த சட்டிகளிலும் தொட்டியிலிருந்து மொண்டு படுத்துக் கிடந்தவற்றின் வாயில் ஊற்றினோம். சில குடித்தன. சிலவற்றின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணுக்குத்தான் போனது. ஒரு பசு மட்டும் தொட்டிப் பக்கமே வரவில்லை. காலடியில் கிடந்த கன்றை மூக்கால் முட்டி முட்டி எழுப்பிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பழைய சரக்கு ஜீப் வந்தது. வேறொரு காற்றாலையைப் பழுதுபார்க்கப் போன பண்ணைக்காரன் புழுதி எழுந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். முப்பது வயதுதான் இருக்கும். பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வண்டியைவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, கேட்டிலிருந்து கடைசி மாடு வரை மெதுவாகப் பார்த்தான்.

"யாரு மூடினது?"

"நான்."

"ஏன்?"

"முன்னால போன வண்டி திறந்துச்சுன்னு நினைச்சேன். நாங்க பின்னால வந்ததால பாக்கல."

அவன் கேட்டண்டை குனிந்து, நான் முந்தாநாள் பிய்த்துப் போட்ட காய்ந்த புல்லைக் கையில் எடுத்தான். "இது கம்பிக்குள்ள முளைச்சிருந்துச்சே. பாக்கலையா?"

"பாத்தேன்," என்றேன்.

என்னை அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புல்லைக் கீழே போட்டான். "எவ்வளவு தூரத்துலேர்ந்து திரும்பி வந்தீங்க?"

"நூத்திப் பத்து."

"நாளைக்கழிச்சுத்தான் நான் இங்க வர்ற நாள்," என்றான். தன் வண்டிக்குப் போய், இரண்டு கேன் டீசலை இறக்கி எங்கள் வண்டிப் பக்கத்தில் வைத்தான். வேண்டாம் என்று நெவில் சொல்ல வாயெடுத்தான்.

"எடுத்துக்குங்க. இங்க ஆளு செத்தா எனக்கு இன்னும் பெரிய வேலை." இருக்கைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தான். "பாப்பாவை வண்டிக்குள்ள உக்கார வையுங்க."

உட்கார வைத்தேன். காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். அவள் பொத்திக்கொள்ளவில்லை. கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

மடுக்கரைக்குத் திரும்பியபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வார்விக் நாற்காலியில் பீருடன் இருந்தான். என் கால்சட்டை கிழிந்ததைத் தவிர, எங்கள் வண்டியிலிருந்து மூன்று பேரும் நல்லபடியாக இறங்கியதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"என்ன, வேலியைத் தள்ளிட்டு நிம்மதியா குடிச்சிட்டிருந்துச்சா? நான்தான் காலையிலேயே சொன்னேனே."

பெலிண்டா அவன் முன்னால் போய் நின்றாள். அவள் சட்டை முழுக்கச் சாணியும் சேறும்.

"அஞ்சு செத்துக் கிடந்துச்சு பெரியப்பா. நாலைச் சுட்டாங்க. ஒரு கன்னுக்குட்டிக்கு நான் தண்ணி குடுத்தேன், அது குடிச்சுது. அதையும் சுட்டாங்க."

வார்விக் பீர்க் குப்பியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்லப்போனான். நோலீன் அவனைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர் இடைவெளி, முன்னால் அவனுடைய புழுதி. ஒரு மணி நேரம் வானொலி மூச்சுவிடவில்லை. ஒட்டகக் கூட்டம் ஒன்று பாதையைத் தாண்டிய தடம் கிடந்தது, அதைக்கூட அவன் சொல்லவில்லை. பிறகு கரகரவென்று சத்தம் வந்தது.

"லொரேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கேட்டு ஒண்ணு வருது. மூடியிருந்துச்சு. நான்தான் திறந்தேன்."

பின்னாலிருந்து பெலிண்டா கையை நீட்டி வானொலியை எடுத்தாள்.

"சரி பெரியப்பா," என்றாள். "மூடிடறோம்."

கேட் வந்தது. நெவில் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கி முதலில் குனிந்து அடிக் கம்பிகளைப் பார்த்தேன். புல் இல்லை. மூடினேன்.